ஓசைக்காரர் வரும் நேரம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுத வேண்டும். உன் மகள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? என் வயிற்றுப் புண் என்னைவிட ஒழுங்காக வேலை பார்க்கிறது. விடுப்பே எடுப்பதில்லை.

சின்னக்குட்டி அழுதாள். "மாமா, ஜூலையில எனக்குப் பிரசவம். அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு இங்கயே வந்துடட்டும்னு கெஞ்சுறோம். அசைய மாட்டேங்கிறாங்க. சாயங்காலமானா அப்பா வர்றாராம். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். நான் சொல்லி நீ எப்போது கேட்டாய்? கேட்டிருந்தால் அந்த ஓசைக்காரனைக் கல்யாணமே செய்திருக்க மாட்டாய்.

அவன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வானொலி நாடகங்களில் கதவு சாத்தியும் மழை பெய்வித்தும் பிழைத்தவன், அதே நாடகப் பிரிவில் எழுதிக்கொண்டிருந்த எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான். என்னிடம் இரண்டு முதுகலைப் பட்டங்கள் இருந்தன. அவனிடம் குதிரைக் குளம்படிக்காக ஒரு சாக்கு நிறையத் தேங்காய் ஓடு இருந்தது. ஓடு ஜெயித்தது. செத்த பிறகும் வேலைக்கு வருகிறான் என்றால் அவனுக்கு இன்னொரு பதவி உயர்வு கொடுக்க வேண்டியதுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நேரில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். ஆகவே எழுது. சரியாக என்ன நடக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


ஜனவரி 24

அன்பு அண்ணாவுக்கு,

சுகமா? புண்ணுக்கு மருந்தைவிடக் கோபத்தைக் குறைப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னதாக நீதான் ஒருமுறை எழுதினாய். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது.

முதலில் ஒன்று. நான் அரண்டவள் இல்லை. பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க அரண்டவர்களைப் பார்க்கிறவள். அந்த முகம் எனக்குத் தெரியும். என் கண்ணாடியில் அது இல்லை.

நடப்பது இவ்வளவுதான். வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீயோடு முன்னறை நாற்காலியில் உட்காருவேன். விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று இருக்கிற நேரம். உள்ளறையில் அலமாரிக் கதவு மெல்ல முனகும். பிறகு ஒரு செருமல். ஒலிவாங்கி முன்னால் நின்று, ஆரம்பிக்கலாம் என்பதற்கு அடையாளமாக அவர் செருமுவாரே, அது. உருவம் கிடையாது, பேச்சு கிடையாது. முதலில் எழுந்து போய்ப் பார்ப்பேன். இப்போது போவதில்லை. பக்கத்து அறையில் புருஷன் இருக்கும்போது எந்தப் பெண்டாட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறாள்?

பேரக்குழந்தையைத் தூக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் யோசித்துப் பார். நான் போனால் வேறு யாரோ குடிவருவார்கள். இவர் செருமினால் திருடன் என்று கூச்சல் போடுவார்கள். அவர் எங்கே போவார்?

கோபிக்காமல் எழுது. நீ இந்த வீட்டுப் படி ஏறி எத்தனையோ வருடம் ஆகிறது. உள்ளறை எது என்றாவது ஞாபகம் இருக்கிறதா?

அன்புத் தங்கை


பிப்ரவரி 6

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ பொய் சொல்லவில்லை. உனக்கு அது வராது. உன் காதில் விழுவது உண்மை. ஆனால் அந்த அறையில் ஓசை இல்லை. அறைக்கும் உன் காதுக்கும் நடுவில் நிற்பது உன் எதிர்பார்ப்பு.

என் தொடர் நாடகத்தில் ஒரு தபால்காரர் வருவார். சைக்கிள் மணி அடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒரு வாரம் உன் கணவன் மணி அடிக்க மறந்துபோனான். (மறந்ததைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.) நேயர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. 'இந்த வாரம் மணி ஓசை வெகு இயல்பு' என்று ஒரு அம்மாள் பாராட்டி எழுதினார். அடிக்காத மணி! காத்திருந்தார், கேட்டது. நீயும் அந்த அம்மாள்தான்.

நிரூபிக்கிறேன். நாம் ஒரு ஆளை உண்டாக்குவோம். பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை, அப்படி ஒருவன். அவனுக்காக நீ காத்திரு. அவன் வந்துவிட்டால், வருவதெல்லாம் உன் காத்திருப்புதான், உன் கணவன் இல்லை என்று ஆகிறது. நீ மூட்டை கட்டிக்கொண்டு மகளிடம் போக வேண்டும். வராவிட்டால், உன் கணவன் வருவதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவன் விஷயத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது உனக்குத் தெரியும்.

வானொலியில் ஆளை உண்டாக்கும் முறை இது. முதலில் ஓசை. அடுத்து ஒரு கெட்ட பழக்கம். அது இல்லாத ஆள் எழுந்து நடக்க மாட்டான். அடுத்து ஒரு தேடல். பேச்சு கடைசியில்தான். இதோ உனக்கு ஒருவர். பெயர் வேண்டாம், சாவிக்காரர் போதும். உங்களுக்கு வெகு முன்னால் அந்த வீட்டில் இருந்த பூட்டு ரிப்பேர்க்காரர். வந்ததும் கனமான சாவிக்கொத்தை மேசையில் போடுவார்: சளக். பிறகு 'ம்ஹூம்' என்று ஒரு பெருமூச்சு. ஏதோ ஒரு பூட்டுக்குச் சாவி தேடுகிறார், கிடைப்பதில்லை. கெட்ட பழக்கம்: அடுத்தவர் பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க மாட்டார்.

அதே நேரம், அதே நாற்காலி. அந்த நேரத்தில் உன் கணவனை நினைக்கக் கூடாது. சாவிக்காரர் மட்டும்.

நலம் நாடும்
அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

நலமா? இங்கே இருமல் வந்து போய்விட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளச் சொல்கிறாய். சரி என்று உட்கார்ந்திருக்கிறேன், உன்னை ஒருமுறையாவது தோற்கடிக்கலாமே என்று. இதுவரை சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. இவர் மட்டும் வழக்கம்போல வருகிறார். நினைக்கக் கூடாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், செருமல் கொஞ்சம் கோபமாகக் கேட்கிறது.

எதிர்வீட்டுத் தையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "விளக்குகூடப் போடாம யாருக்குங்க காத்திருக்கீங்க?" என்றார். சாவிக்காரர் கதையைச் சொன்னேன், அண்ணன் கட்டிய கதை என்றும் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, அதானா போன வாரம் என் கத்திரிக்கோலைக் காணோம்!" என்றார்.

எங்கள் மருத்துவர் நேற்று பல் துளைக்கும் இயந்திரத்தைச் சும்மா ஓட்டிப் பார்த்தார். உள்ளே நோயாளியே இல்லை. வெளியே காத்திருந்த ஒருவர் 'அம்மா' என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். உன்னைக் கேட்டால், அந்த வலி இல்லை என்பாய். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, அண்ணா. நான்தான் துடைக்கக் காகிதம் கொடுத்தேன்.

ஒன்று கேட்கிறேன். அவர் போன அன்று நீ ஏன் வரவில்லை? வயிற்று வலி என்று சொல்லி அனுப்பினாய். அது தெரியும். வேறு பதில் இருந்தால் எழுது.

தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. நான் இருக்கிறேன்.

உன் காத்திருப்பு தப்பு. நீ சாவிக்காரருக்காக உட்காரவில்லை, என்னைத் தோற்கடிக்க உட்கார்ந்திருக்கிறாய். அவருக்காகக் கொஞ்சம் கவலைப்படு. எந்தப் பூட்டைத் திறக்க அலைகிறார் பாவம் என்று நினை. கவலைதான் கதவைத் திறந்துவிடும். கேட்கிறவர்களைக் கவலைப்பட வைத்துவிட்டால் பாதி நாடகம் முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவு உன் கணவனுக்குத் தெரியாது. ஆனால் பரிசு யாருக்குப் போனது? என் நாடகத்தின் உச்சக் காட்சியில் நான் எழுதிய இரண்டு பக்க வசனத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் மூச்சு ஓசையை வைத்தான். நடுவர்கள் அந்த மூச்சைப் புகழ்ந்தார்கள். என் பெயரைப் பிழையாக வாசித்தார்கள். அடுத்த மாதமே அவனுக்குத் தலைமை நாற்காலி.

நீ கேட்ட மற்றதற்கு இப்போது நேரம் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

நலம் விசாரிப்பதை முடிவில் வைத்துக்கொள்கிறேன். வந்துவிட்டார்.

நீ சொன்னபடி கவலைப்பட்டேன். மழை நாளில் அந்த மனிதர் யார் வீட்டு வாசலில் நின்று எந்தப் பூட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். நினைத்து, மனசு கனத்து, டீயை உதட்டுக்குக் கொண்டுபோகிறேன். சளக். மேசை மேல் ஒன்றும் இல்லை. ஆனால் மேசை அதிர்ந்தது டம்ளரில் தெரிந்தது. பிறகு அந்தப் பெருமூச்சு. நீ எழுதியது 'ம்ஹூம்' என்று. கேட்டது அப்படி இல்லை. இன்னும் வயசான, இன்னும் களைத்த மூச்சு. எனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "உக்காருங்க, தேடலாம்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு எழுந்து விளக்கைப் போட்டேன்.

அன்றிலிருந்து தினமும். தையல்கார அம்மா வாசலிலிருந்தே, "விருந்தாளி வந்தாச்சா? சாவி சத்தம் கேட்டுச்சே" என்கிறார்.

நீ ஜெயித்துவிட்டாய். வாக்கு வாக்குதான், ஜூலை முதல் வாரம் சின்னக்குட்டியிடம் போகிறேன். உன் உடம்பு எப்படி?

தங்கை


ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரு பாத்திரம் உயிரோடு எழுந்து ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறது. ஒரு ஓசைக்காரன் துணையும் இல்லாமல்! உன் கணவன் இதைக் கேட்க இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

விஷயம் முடிந்தது. இல்லாதவன் வருகிறான், ஆகவே வருகிறவன் இல்லாதவன். சாமானைக் கட்டத் தொடங்கு. சின்னக்குட்டியிடம் சொல்லிவிட்டேன். "மாமான்னா மாமாதான்" என்றாள். வயிறுகூட இன்று அடங்கியிருக்கிறது.

அண்ணன்


மே 20

தங்கைக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மகளிடம் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, பேசத்தான் மாட்டேங்கிறாங்க" என்றாள். தோற்றவர்கள் கோபித்துக்கொள்வது வழக்கம்தான். அதில் எனக்குப் பழக்கம் அதிகம். இருந்தாலும் இரண்டு வரி போடு.

சாவிக்காரர் என்ன செய்கிறார்?

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மனம் வரவில்லை; கேட்டதாக வைத்துக்கொள்.

சாவிக்காரர் வந்த நாளிலிருந்து அவர் வரவில்லை.

முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு சாவிக்காரரைத் தள்ளி வைத்துவிட்டு இவருக்காக மட்டும் உட்கார்ந்தேன். அலமாரி முனகவில்லை. சளக் என்று சாவிதான் விழுகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பூதம் கிளம்பியது மட்டும் இல்லை, இருந்த தண்ணீரும் போய்விட்டது.

உங்கள் தொழில் விதி உனக்கு மறந்துவிட்டதா? கல்யாணமான புதிதில் இதே முன்னறையில் உட்கார்ந்து நீங்கள் இருவரும் ஊர் கேட்கக் கத்துவீர்கள்: "ஒரு மௌனத்துல ஒருத்தருக்குத்தான் இடம். ரெண்டாவது ஆளை உள்ள விட்டா, முதல் ஆளு காதுல செத்துடுவான்." என்னிடம் இருந்தது ஒரே ஒரு மௌனம். அதில் நீ இன்னொருவனை உட்கார வைத்தாய். நீயே எழுதினாய், அதே நேரம், அதே நாற்காலி என்று. அவர் இருந்தபோது அவர் நாற்காலியைப் பிடிக்க உன்னால் முடியவில்லை. இப்போது பிடித்துவிட்டாய்.

நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. காத்திருப்புதான் வரவழைக்கிறது. சரி. அப்படியானால் ஒரு வருடமாக நான் செய்தது ஏமாளித்தனம் இல்லை, வேலை. சமைப்பது மாதிரி, பிள்ளையைத் தூங்க வைப்பது மாதிரி, தினமும் செய்தால் மட்டும் இருக்கிற வேலை. அதை யாரென்றே தெரியாத ஒருவனுக்குச் செய்ய வைத்தாய்.

போகத்தான் போகிறேன். ஆனால் அவர் ஒரே ஒரு தடவை வர வேண்டும். "நான் கிளம்புறேன், நீங்களும் கிளம்புங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவர் இங்கே வந்து என்னைத் தேடுவார்.

உட்கார்ந்து அவரை நினைத்துப் பார்த்தேன். நல்லவர், பொறுமைசாலி, என்னை அதட்டியதில்லை. இப்படி நினைத்தால் வருவது மனிதர் இல்லை, இரங்கல் கூட்டத்துப் பேச்சு. கெட்ட பழக்கம் இல்லாத ஆள் எழுந்து நடக்க மாட்டான் என்று எழுதினாயே. அவர் குறையெல்லாம் என் ஞாபகத்தில் கரைந்துபோயிற்று. உன்னிடம் இருக்கும். ஒன்று விடாமல் வைத்திருப்பாய். எழுதி அனுப்பு.

தங்கை


ஜூன் 15

தங்கைக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. நீ கேட்டதை அனுப்புகிறேன்.

அவன் நகைச்சுவைக்கு உடனே சிரிக்க மாட்டான். மறுநாள் மாடிப்படியில் திடீரென்று சிரிப்பான். எதற்கு என்று நாம்தான் தேட வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது ஆள்காட்டி விரலை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்க" என்பான். ஏதோ முக்கியமான விஷயம் என்று நிறுத்துவோம். அவன் மின்விசிறி சுழலும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்தவன் சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமல் திறப்பான்; மூடி கழலும் ஓசைக்காகத் திறந்தேன் என்பான், ஆனால் தின்பான். தெருவில் நொண்டி நடக்கிறவர் பின்னாலேயே காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டு போவான். தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டான். மௌனமாக இருந்து, தப்பு செய்தது நாம்தானோ என்று நம்மையே நினைக்க வைப்பான். இடது செருப்பு எப்போதும் வலதைவிடத் தேய்ந்திருக்கும். 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் மூக்கைத் தொடுவான்.

இதையெல்லாம் மன்னிப்பேன். அப்பா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது நாம் இருவரும் அழுதோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் என் நாடகத்தில் என் இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டு வைத்தானே, அது அந்த மூச்சு. நீ கண்டுபிடித்திருப்பாய். நாம் பேசிக்கொண்டதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்லார் முன்னிலையிலும், அப்பா என் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டார். நான் வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கும் வரவில்லை. 'அது திருட்டுடா' என்று ஒரு சாயங்காலம் விடாமல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிரே இருப்பதாக நினைத்துத்தான். அவனும் விரலை உயர்த்திப் பதில் சொல்வான். சில நாள் அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் ஒரு செருமல் கேட்டது. தண்ணீர்க் குழாயாக இருக்கும். "வெட்டினது சரியாடா?" என்று கேட்டேன். தப்பை ஒப்புக்கொள்ளவா போகிறான்?

அண்ணன்


ஜூன் 26

அன்பு அண்ணாவுக்கு,

நலமா? முதல் தடவையாக மனதாரக் கேட்கிறேன்.

உன் கடிதத்தைச் சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். மூக்கைத் தொடும் இடத்தில் அழுதேன். அதை எப்படி மறந்தேன்! சாவிக்காரர் வரவில்லை. நான் அவரைப் பற்றிக் கவலைப்படவில்லை, போய்விட்டார். அவ்வளவுதான் அவர். இவரும் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. ஆனால் இந்த முறை வீடு காலியாகத் தெரியவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒரு வருடம்தான் காத்திருந்தேன். நீ அவர் உயிரோடு இருக்கும்போதே காத்திருக்க ஆரம்பித்தவன். உன்னோடு போட்டி போட என்னால் ஆகுமா? பொறாமையாக இருக்கிறது, போ.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ வருவதை நிறுத்திய பிறகு, தினமும் சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு அவர் ஆரம்பிப்பார்: "இப்ப உங்கண்ணன் இருந்தா என்ன சொல்லுவான் தெரியுமா?" நீ சொல்வதையும் அவரே சொல்வார், உன் குரலில். அதற்கு அவரே கோபப்படுவார். "அந்த மூச்சை வேற எங்கயும் வைக்க முடியலடா. உன் எழுத்துலதான் அதுக்கு இடம் இருந்துச்சு" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்வார். நான் சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்பேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த ஆவி நீதான், அண்ணா. நாங்கள் உன்னைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நீ வந்தால் அவரும் வருவார். கூட்டிக்கொண்டு வா.

உன் தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன்.

இதனால் நான் எதையும் நம்புவதாக நினைத்துக்கொள்ளாதே. காத்திருப்பு ஓசையை உண்டாக்குகிறது என்பதுதான் என் கட்சி. அதில் மாற்றம் இல்லை. நீ கடிதத்தில் எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் ஒருமுறை என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். நேற்றிலிருந்து பக்கத்து அறையில் ஒரு சத்தமும் இல்லை. வெட்கமாக இருக்கலாம். அல்லது குழாயைச் சரிசெய்திருக்கலாம்.

ரயிலில் நெடுநேரம் இருக்கிறது, வழியிலேயே பேசித் தீர்க்கப் பார்க்கிறேன். தீராது என்று நினைக்கிறேன். ஜன்னலோரத்தை அவன் கேட்பான், சக்கர ஓசை அங்கேதான் நன்றாகக் கேட்கும் என்பான். டிக்கெட் எடுத்தவன் நான். ஆனாலும் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்து வருவேன்.

அண்ணன்